சகனில் வைத்த பாஸ்தா

1

இந்த ஊருக்கு நான் வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு நவம்பர் மாலை, ஹெல்கா என் அறைக் கதவைத் தட்டி மூடி போட்ட ஒரு பாத்திரத்தைக் கொடுத்தார். உள்ளே பாஸ்தா. அதோடு வட்டம் வட்டமாக நறுக்கிய சாசேஜ், கேரட், அப்போது எனக்குப் பெயர் தெரியாத வெள்ளைக் கிழங்குகள். "பன்றி இல்லை. கடையில் கேட்டுத்தான் வாங்கினேன்" என்று எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்தி ஜெர்மனில் சொன்னார். மொழித் தேர்வில் தோற்றுவிட்டு அன்று முழுவதும் நான் ஒன்றும் சாப்பிடாமல் படுத்திருந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. கட்டிலில் உட்கார்ந்து பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டேன். அடுத்த முறை தேர்வில் தேறினேன்.

ஹெல்கா, நான் நர்ஸாக வேலை பார்க்கும் மருத்துவமனையில் எங்கள் வார்டின் பொறுப்பாளர். நான் மேலப்பாளையத்துக்காரி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான், கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான். விமானம் ஏறியதில் மட்டும் இரண்டாவது. முதல் ஆள் என் வாப்பா.

அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் அதே பாஸ்தாவைச் சமைத்து ஹெல்காவையும் அவர் கணவர் யூர்கனையும் கூப்பிடுவது என் வழக்கம். இந்த வருடம் அந்த விருந்தின்போது வாப்பாவும் என் வீட்டில் இருந்தார். விருந்து முடிந்து இரண்டு நாளாகிறது. முழங்கால் இன்னும் வலிக்கிறது, ஆனாலும் சந்தோஷம் என்று யூர்கன் செய்தி அனுப்பியிருக்கிறார். மீந்துபோன பாஸ்தாவை வார்டில் இன்னமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏன் அவ்வளவு மீந்தது, ஏன் முழங்கால் வலித்தது என்பதையெல்லாம் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

வாப்பா சவூதியில் சமையல்காரராக இருந்தவர். முதலில் ஓர் அரபி வீட்டில், பிறகு தொழிலாளர் முகாம் ஒன்றின் மெஸ்ஸில். நான் பிறந்ததிலிருந்து நர்ஸிங் முடிக்கும்வரை அவரை விடுமுறைக்கு வருகிற ஆளாகத்தான் எனக்குத் தெரியும். உம்மா பீடி சுற்றினார், வாப்பா சோறு வடித்தார், நான் படித்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பெருமைதான்.

வாப்பாவை இங்கே அழைக்க, அவருக்கு ஆகும் செலவு எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். என் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வீட்டின் அளவு, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்த அதிகாரி கடைசியில் நிமிர்ந்து, "உங்கள் தந்தை இங்கே வந்து என்ன செய்வார்?" என்று கேட்டார்.

"ஒன்றும் செய்ய மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார்" என்றேன்.

அந்த அம்மாள் முத்திரை குத்திவிட்டார். பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் வாப்பா முதலில் செய்த காரியம், சட்டையின் உள்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் வைத்ததுதான்.

"இந்தா மவளே, வச்சுக்கோ."

"என்கிட்ட எதுக்கு வாப்பா? நீங்களே வச்சுக்கோங்க."

"கபீலுகிட்டத்தானே குடுக்கணும்? நீதானே இப்ப எனக்குக் கபீலு."

அரபு நாட்டில் ஓர் ஆளை வேலைக்கு எடுத்து அவருக்குப் பொறுப்பேற்கும் முதலாளிக்குக் கபீல் என்று பேர். போய் இறங்கியதும் அவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வார். வாப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டை அவர் பையில் திருப்பி வைத்தேன். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால், என் துணிகளுக்கு மேலே அது இருந்தது.

3

முதல் நாள் சாப்பாட்டுக்கு மேசையில் இரண்டு தட்டு வைத்தேன். "நீ சாப்பிடு, நான் பொறவு பாத்துக்கிடுதேன்" என்று வாப்பா அடுப்படிக்குள் போய்விட்டார். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்பு மேடை ஓரத்தில் நின்றபடியே சாப்பிட்டு, நின்றபடியே தட்டைக் கழுவி வைத்தார். பயணக் களைப்பு என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

வீட்டு வெப்பமூட்டியைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். வாப்பா அவருக்கு டீ போட்டு, தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு, அவர் குழாயைத் திருகி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அந்த மனிதர் பதறிப்போய் டீயை ஒரே மடக்கில் குடித்து வாயைச் சுட்டுக்கொண்டார்.

ஊரில் வாப்பா இப்படிப்பட்ட ஆளே கிடையாது. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் கவளத்தை வாயில் வைத்ததும், "உப்பு கொறையுது" என்பார். உப்பு சரியாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார். உம்மா ஏதாவது பதில் கொடுப்பார். அதன்பிறகுதான் எங்கள் வீட்டில் சாப்பாடு தொடங்கும். இங்கே நான் எது வைத்தாலும், "நல்லா இருக்கு மவளே" என்று தலையாட்டினார். போனில் உம்மாவிடம் சொன்னபோது உம்மாவுக்குக் கவலையாகிவிட்டது.

"ஏட்டி, உப்பு கொறையுதுன்னு ஒரு தடவ கூடவா சொல்லல? ஒடம்புக்கு எதுவும் செய்யுதோ? கேட்டுப் பாரு."

கேட்டேன். வாப்பா அப்போது ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் காலையில்தான் துடைத்திருந்தேன்.

"வாப்பா, இங்க ஏன் நீங்க ஒக்காந்து சாப்பிட மாட்டேங்கிய?"

"வெளிநாட்டுல ஒக்காந்து திங்க எனக்கு வராது மவளே. அரபி வீட்டுல அவுக தின்னு எந்திரிச்சப் பொறவுதான் நமக்கு. அது தப்பில்ல பாத்துக்கோ, வேலன்னா அப்படித்தான். முகாமுல கேக்கவே வேண்டாம். தட்டத் தூக்கிட்டு அம்புட்டுப் பேரும் வரிசைல நிப்பானுவ. நான் ஒக்காந்தா அள்ளி வைக்க யாரு இருக்கா? காலு பழகிப் போச்சு."

சொல்லும்போது அவர் குரலில் வருத்தமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விருந்து வந்துகொண்டிருந்தது. அது முடிந்து ஒரு வாரத்தில் வாப்பாவுக்கு ஊர் திரும்ப டிக்கெட். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் வீட்டில், எனக்கு அன்று சாப்பாடு கொடுத்த ஹெல்காவோடு, என் வாப்பா உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த ஆசையில் பாசம் பாதி, கௌரவம் பாதி. நான் படித்து வாங்கிய வேலையில் வாடகை கட்டும் வீட்டில் என் தகப்பன் தோளில் துணியைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நிற்பதா? "அன்னைக்கு மட்டும் நீங்க எங்கூட ஒக்காரணும்" என்றேன். "பாப்போம்" என்றார். வாப்பாவின் 'பாப்போம்' எதில் போய் முடியும் என்று பிள்ளைகளான எங்களுக்குத் தெரியும்.

4

சாசேஜ் வாங்க இருவரும் சிரியாக்காரர் ஒருவரின் இறைச்சிக் கடைக்குப் போனோம். மாட்டிறைச்சியைக் கொத்தி, பூண்டும் மிளகாயும் பிசைந்து, குடலில் அடைத்துக் காய வைத்து, அங்கே வாழைக்குலை மாதிரி தொங்க விட்டிருப்பார்கள். கடைக்காரர் அரபி பேசுகிறவர் என்று தெரிந்ததும் வாப்பாவின் முகம் மலர்ந்தது. என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரே முன்னால் போனார். "ஹாத்!" என்றார், தொங்குவதைக் காட்டி. "ஷுவய்ய!" என்றார், தராசைப் பார்த்து. "யல்லா, யல்லா!"

கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னிடம் ஜெர்மனில், "உங்கள் அப்பா என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொண்டா, இன்னும் கொஞ்சம், சீக்கிரம். வாப்பாவுக்குத் தெரிந்த அரபி இவ்வளவுதான். எல்லாமே அவரைப் பார்த்து மற்றவர்கள் சொன்னவை. பதிலுக்கு அவர் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல், 'இதோ வந்தேன்' என்பதற்கான சொல். அதைக் கடைக்காரர்தான் அன்று வாப்பாவிடம் சொன்னார், நெஞ்சில் கைவைத்து, தலைகுனிந்து, "ஹாதிர்!" என்று. வாப்பா ஒரு கணம் திகைத்துவிட்டு அவரும் சிரிக்கத் தொடங்கினார். சாசேஜோடு ஒரு பொட்டலம் ஆலிவ் காய் சும்மா கிடைத்தது.

காய்கறிக் கடையில், சூப்புக்கென்று கேரட், வெள்ளை முள்ளங்கி போன்ற பார்ஸ்னிப், ஒரு துண்டு செலரிக் கிழங்கு எல்லாவற்றையும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள்.

"நம்ம மார்க்கெட்டுல சாம்பாருக்குக் கூறு போட்டு வைப்பாவளே, அது மாதிரில்லா இருக்கு" என்றார் வாப்பா. செலரிக் கிழங்கை மூக்கருகே கொண்டு போனார். "இது என்னது, பாத்தா சேனை மாதிரி இருக்கு, மோந்தா கொத்தமல்லி வாசம் அடிக்கு? இதுக்குத் தாய் யாரு, தகப்பன் யாரு?"

5

விருந்தன்று எனக்குக் காலை ஷிப்ட். கிளம்பும்போது தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். "காய மட்டும் நறுக்கி வைங்க வாப்பா. பாஸ்தாவ நான் வந்து வேக வைக்கேன்."

திரும்பி வந்தபோது வீட்டு ஜன்னலெல்லாம் ஆவி பூத்திருந்தது. மலிவு விலையில் கிடைக்கும்போது வாங்கி அடுக்கியிருந்த குழல் பாஸ்தாப் பாக்கெட்டுகளின் உறைகள் குப்பைக்கூடையில் மடித்துக் கிடந்தன. மேடையில் என்னிடம் இருந்த எல்லாப் பாத்திரங்களிலும், சாலட் கிண்ணத்திலும், துணி ஊற வைக்கும் புது வாளி ஒன்றிலும்கூட பாஸ்தா.

"வாப்பா! எத்தன பாக்கெட்டு போட்டீய?"

"இருந்ததப் போட்டேன்."

"நாலு பேருக்கா?"

"நாலு பேருன்னு நீ சொல்லுத. வாறவுக கூட ரெண்டு ஆளக் கூட்டிட்டு வந்தா? கொறஞ்சு போச்சுன்னு சொல்ல முடியுமா?"

"இங்க நாலுன்னா நாலுதான் வாப்பா. சொல்லாம ஒரு ஆள் கூட வர மாட்டாங்க."

"அப்பம் அது என்ன விருந்து?"

பாஸ்தாவைச் சோறு வடிப்பதுபோல் வடித்து, ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவி வைத்திருந்தார். வடித்த தண்ணீரையும் ஒரு சட்டியில் மூடி வைத்திருந்தார், கஞ்சியை யாராவது கொட்டுவார்களா என்று. அந்த நேரம் பார்த்து உம்மா வீடியோவில் வந்தார்.

"ஏங்க, அங்கன போயும் கரண்டியத் தூக்கிட்டீயளா? இங்கன ஒரு சுடுதண்ணி வைக்கச் சொன்னா காது கேக்காது."

"அது வீடு, இது வெளிநாடு" என்றார் வாப்பா.

"ஏட்டி, அது என்னது, ஓட்ட ஓட்டயா? பைப்ப வெட்டிப் போட்ட மாதிரி?"

"பாஸ்தா உம்மா."

"இம்புட்டையுமா திங்கப் போறீய?"

"யா உம்மா."

"இந்த யா, யாவ விடுட்டி. ஆமான்னு சொல்ல வாய் நோவுதாக்கும்? இன்னும் ரெண்டு வருசம் போனா என்னையும் அங்கத்த பேரு வச்சுக் கூப்புடுவ."

போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். சதுரமாக நறுக்கிய கிழங்குகளை எண்ணெயும் மிளகுத்தூளும் புரட்டி, ஓரம் கருகி இனிப்பு ஏறும்வரை ஓவனில் வைத்தேன். சாசேஜை வட்டமாக வெட்டி எண்ணெய் ஊற்றாமல் சிறுதீயில் போட்டேன். பைய பைய அதுவே சிவப்பாக நெய் விட்டது. அந்த நெய்யில் வெங்காயம், பூண்டு, தக்காளி விழுது. வாப்பா, "ஒரு நிமிசம்" என்று ஊரிலிருந்து கொண்டு வந்த பெருஞ்சீரகத்தை உள்ளங்கையில் நசுக்கிப் போட்டார். கஞ்சியைக் கொஞ்சம் ஊற்றிக் குழம்பைத் தளர்த்தினோம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறப் பாத்திரம்தான் இல்லை. உம்மாவுக்குக் கொடுத்தனுப்ப வாங்கி வைத்திருந்த பெரிய வட்டத் தாம்பாளத்தை வாப்பா அலமாரியின் மேலிருந்து இறக்கினார். பாஸ்தா அதில் குன்று மாதிரி நின்றது.

6

ஹெல்கா பூவோடு வந்தார். யூர்கன் நல்ல உயரம், நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். வாப்பா நெஞ்சில் கைவைத்து வரவேற்று, இருவருடைய கோட்டுகளையும் வாங்கிக்கொண்டு போனார். நான் மேசையில் நாலு தட்டும் நாலு கிளாஸும் வைத்திருந்தேன்.

"உன் அப்பா என் பக்கத்தில் உட்காரட்டும்" என்றார் ஹெல்கா.

திரும்பிப் பார்த்தேன். நாலாவது நாற்காலியில் வாப்பா அவர்களுடைய கோட்டுகளை அழகாக மடித்து அடுக்கியிருந்தார்.

"வாப்பா, அந்தக் கோட்ட எடுத்துட்டு ஒக்காருங்க."

"நீங்க ஆரம்பிங்க மவளே, நான் எடுத்து வைக்கேன்." விருந்தாளிகளைப் பார்த்துப் பணிவாக ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அது அரபி வீட்டுச் சிரிப்பாக இருக்க வேண்டும். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அப்பாவுக்கு ஏதும் உடம்பு சரியில்லையா என்று ஹெல்கா கண்ணால் கேட்டார். அதை எந்த மொழியில் விளக்க?

வாப்பா தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். மேசையில் இடமில்லை. அறை நடுவில் கம்பளத்தின்மேல் துணி விரித்து அதில் இறக்கி வைத்துவிட்டு, தட்டுத் தட்டாக அள்ளி வைக்கக் கரண்டி எடுக்க உள்ளே போனார். அவர் முதுகு மறைவதற்குள் யூர்கன், "ஓ, இப்படித்தானா!" என்று நாற்காலியிலிருந்து எழுந்து, நீளக் கால்களை எப்படியோ மடக்கி, தாம்பாளத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹெல்காவும் உட்கார்ந்தார். மேசையில் வைத்துத்தான் சாப்பாடு என்று சொல்ல வாயெடுத்த நான், தாம்பாளத்தைப் பார்த்தேன். சொல்லாமல் நானும் உட்கார்ந்தேன்.

கரண்டியோடு வந்த வாப்பா பதறிவிட்டார். "என்ன இது, கீழ ஒக்காந்துட்டாவ? எந்திரிக்கச் சொல்லு. நான் தட்டுல வச்சுத் தாரேன்."

மேலப்பாளையத்துக் கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் விருந்தில் ஆளுக்கொரு தட்டோ இலையோ கிடையாது. சகன் என்கிற பெரிய தட்டில் சோறும் கறியும் குவித்து வைப்பார்கள், அதைச் சுற்றி நாலு பேர். மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் யாரும் கை வைக்க மாட்டார்கள். பந்தி விசாரிப்பவர், "இந்தச் சகனுக்கு ஒரு ஆளு! ஒரு ஆளு!" என்று கூவுவார். அந்தக் குரல் கேட்டால், நிற்பவர் மாப்பிள்ளை வீட்டு முதலாளியாக இருந்தாலும் ஆட்டோ ஓட்டுகிறவராக இருந்தாலும், வந்து உட்கார்ந்தாக வேண்டும். நின்றால் மூன்று பேர் சோறு ஆறும்.

நான் அந்தப் பந்திக் குரலிலேயே சொன்னேன். "வாப்பா, இந்தச் சகனுக்கு ஒரு ஆளு கொறையுது."

வாப்பா தாம்பாளத்தைப் பார்த்தார். மூன்று பக்கம் நாங்கள். நாலாவது பக்கம் காலி. ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. யூர்கனும் ஹெல்காவும் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஏன் என்று தெரியாமலே காத்திருந்தார்கள்.

"கரண்டிய எங்க வைக்க?" என்றார் வாப்பா.

கை நீட்டி வாங்கி என் பின்னால் வைத்துக்கொண்டேன்.

தோளில் கிடந்த துணியை எடுத்து மடித்துக் கீழே போட்டு, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "ஆறுது பாருங்க. பிஸ்மி சொல்லிக் கை வைங்க" என்று அந்த இரண்டு ஜெர்மானியரிடமும் தமிழிலேயே சொன்னார். அவர்களுக்கு எப்படியோ புரிந்தது. ஹெல்கா விரலால் ஒரு குழலை எடுத்து, கருகின கேரட்டோடு சேர்த்து வாயில் போட்டார். யூர்கன் முதலில் முள்கரண்டி கேட்டார், பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டார்.

சகனில் நல்ல துண்டு எதுவும் தன் பக்கம் இருந்தால் விருந்தாளி பக்கம் தள்ளி விடுவது வழக்கம். வாப்பா சாசேஜ் துண்டுகளை ஒவ்வொன்றாக ஹெல்கா பக்கம் தள்ளினார். வாப்பாவுக்குச் சாசேஜ் பிடிக்காதோ என்று ஹெல்கா எடுத்துச் சாப்பிடாமல் தயங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, பாதியைத் திரும்ப வாப்பா பக்கம் தள்ளினார். வாப்பா மறுபடி தள்ளினார். நான் மொழிபெயர்க்கவில்லை. அவர்களே பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நான் செய்வதைவிட நன்றாக இருக்கிறது. இந்த வாசனை என்ன?" என்றார் ஹெல்கா.

"என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார் வாப்பா.

"நல்லா இருக்காம் வாப்பா. பெருஞ்சீரகத்தக் கேக்காவ."

வாப்பா இன்னொரு கவளம் எடுத்தார். மென்றார். யோசித்தார். காலை இன்னும் கொஞ்சம் விரித்து வசதியாக உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"உப்பு கொறையுது."

உப்பு சரியாகத்தான் இருந்தது. நான் எழுந்து போய் எடுத்து வந்தேன்.